எம்130: மதுரைப் பக்கமும் ஆஸ்திரேலியாவும் - விளக்கம் வேண்டும்

வணக்கம். மரபியல் படித்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

தந்தை வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற குறியீடு (ஒரு மூதாதையிடம் ஏற்பட்டு வழிவழியாக வரும் டிஎன்ஏ மாற்றம்) மதுரைப் பக்கத்திலும் இருக்கிறது, ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. இதை வைத்து "அவர்கள் நம் பங்காளிகள்" என்று வாட்ஸ்அப்பில் ஓடாத நாளில்லை. ஆனால் இது மிகப் பழைய அடிமரம். அதற்கு மேல் இந்தியக் கிளை எம்356, ஆஸ்திரேலியக் கிளை எம்347 என்று பிரிந்துவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். 2002இல் வந்த ஆய்வு, வேகமாக மாறும் எஸ்டிஆர் குறியீடுகளை (டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை) ஒப்பிட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் தொடர்பு இருந்தது என்றது. 2016இல் ஒய் குரோமோசோமையே வரிசைப்படுத்திப் பார்த்தவர்கள், பிரிவு 50,000 ஆண்டுகளுக்கும் முந்தையது என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

கேள்வி இதுதான்: எஸ்டிஆர் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? ஒரே எண்ணிக்கை தற்செயலாகத் திரும்ப வருவதாலா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எளிய கிளைப்படம் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள், கையால் வரைந்தது என்றாலும் சரி.