இத்தாலிய மொழியின் எதிர்கால வினை: தமிழர் தடுமாறும் இடங்கள்

வைகை:
விகுதிகள் ஆறுதான்: ஓ, ஆய், ஆ, ஏமோ, ஏத்தே, ஆன்னோ. எல்லா வினைக்கும் இவையே. அகராதி வடிவத்தின் கடைசி 'ஏ'யை எடுத்துவிட்டு ஒட்டினால் போதும்: தொர்மீரே, தொர்மிரோ (தூங்குவேன்). 'ஆரே'யில் முடிபவற்றில் மட்டும் அந்த 'அ' 'எ' ஆகும்: பர்லாரே, பர்லெரோ (பேசுவேன்). ஃபாரே, தாரே, ஸ்தாரே மூன்றும் மாறாமல் ஃபரோ, தரோ, ஸ்தரோ என்றே நிற்கும். இவற்றைப் பார்த்துத்தான் பலர் 'பர்லரோ' என்கிறார்கள், அது பிழை. 'நான்' (ஓ), 'அவர்' (ஆ) வடிவங்களில் கடைசி உயிரின்மேல் அழுத்தக் குறி கட்டாயம் போடுங்கள்.

நெய்தல்:
பகாரே (பணம் கொடு) எதிர்காலத்தில் பகெரோ. எழுதும்போது 'ஜி'க்குப் பின் 'எச்' விட்டுப்போனால் 'பஜெரோ' என்று படித்துவிடுவார்கள்.

பொது விதியை மீறி, உயிர் விழுந்து சுருங்குபவை: அந்த்ரோ (போவேன்), அவ்ரோ (என்னிடம் இருக்கும்), பொத்ரோ (என்னால் முடியும்), தொவ்ரோ (செய்ய வேண்டியிருக்கும்), வெத்ரோ (பார்ப்பேன்). ரகரம் இரட்டிப்பவை: வெர்ரோ (வருவேன்), வொர்ரோ (விரும்புவேன்), ரிமர்ரோ (தங்குவேன்), பெர்ரோ (குடிப்பேன்). இந்த வொர்ரோவில் கவனம் தேவை. வொலேரே (விரும்பு) என்பதைப் பொது விதிப்படி 'வொலெரோ' ஆக்கினால் 'பறப்பேன்' என்றாகிவிடும்; அது வொலாரேயின் எதிர்காலம்.

பர்லெரேமோ என்றால் 'பேசுவோம்'. மகரம் இரட்டித்து பர்லெரேம்மோ என்றால் நிபந்தனை வடிவம்: வாய்ப்பிருந்தால் பேசுவோம். கனியையும் கன்னியையும் பிரித்துக் கேட்கும் காதுக்கு இது எட்டாததல்ல. எழுதும்போதுதான் கை தவறுகிறது.

குறிஞ்சி:
பயன்பாட்டில் தமிழ் கைகொடுக்கவும் செய்யும், காலை வாரவும் செய்யும். 'மணி எட்டு இருக்கும்' என்று நாம் ஊகிப்பதுபோலவே இத்தாலியர்களும் 'ஸரான்னோ லே ஒத்தோ' என்பார்கள். 'சாப்பிட்டிருப்பான்' என்பதற்கு 'அவ்ரா மன்ஜாத்தோ'. அப்படியே பொருந்துகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது!

ஆனால் 'தினமும் காபி குடிப்பார்' என்பதில் நம் எதிர்காலம் வழக்கத்தைச் சொல்கிறது. இத்தாலியத்தில் அங்கே நிகழ்காலம்தான்: 'பேவே'. 'பெர்ரா' என்றால் இனிமேல் குடிக்கப்போகிறார் என்று புரிந்துகொள்வார்கள்.

வைகை:
இன்னொன்று. 'வந்து சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்' என்பதில் இரண்டு வினையும் எதிர்காலத்தில் வர வேண்டும்: 'க்வாந்தோ அர்ரிவெரோ, தி கியமெரோ'. பேச்சில் இரண்டையும் நிகழ்காலத்தில் சொல்வதும் உண்டு: 'க்வாந்தோ அர்ரீவோ, தி கியாமோ'. முதல் வினையை மட்டும் இறந்தகாலத்தில் வைத்தால் தப்பு. 'சேர்ந்ததும்' என்ற நம் வடிவம்தான் அப்படி இழுக்கும்.