நச்சுக்கொடி கீழே இறங்கி ரத்தப்போக்கு: ஏற்காட்டிலிருந்து அனுப்பும் முன்

மலைச்செவிலி:
மலைக்கிராமத்துக் கர்ப்பிணி, 31 வாரம். நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பதாக ஸ்கேன். வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் போய்த் தானாக நின்றிருக்கிறது. பல்ஸ் 88, பிரஷர் 110/70. வீட்டார் "நின்னு போச்சே, காலையில பாத்துக்கலாம்" என்கிறார்கள். சேலம் அனுப்பும் முன் என்னென்ன முடிக்க வேண்டும்?

லேபர்வார்டு:
காலை வரை வேண்டாம் சிஸ்டர். முதல் ரத்தப்போக்கு பெரும்பாலும் தானே நிற்கும். அடுத்தது எப்போது, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தப் பெண் தெளிவாக இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

உள்பரிசோதனை (பிவி) கூடவே கூடாது, எனிமாவும் கூடாது. கர்ப்பப்பை வாய்மேல் கிடக்கும் நச்சுக்கொடியில் விரல் பட்டுப் பிய்ந்தால் நிமிடங்களில் கொட்டிவிடும். ரெஃபரல் சீட்டின் தலையிலேயே "பிவி பார்க்கவில்லை, பார்க்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். கை மாறும் இடத்தில்தான் இது தவறுகிறது.

இரண்டு கையிலும் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்), 16 அல்லது 18 கேஜ். ஷாக்கில் ரத்தக்குழாய் சுருங்கிய பிறகு குத்த இடம் கிடைக்காது. ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் டிரிப்) தயாராக இருக்கட்டும். வாய்வழி எதுவும் வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். டாக்டரிடம் கேட்டு குழந்தையின் நுரையீரல் முதிர டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் தசையில் போட்டு நேரத்தைக் குறியுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக மொத்தம் 4 டோஸ், மீதியைச் சேலத்தில் போடுவார்கள். 108 கிளம்பும்போதே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு போன் செய்து ரத்த வகை, ஹீமோகுளோபின் அளவைச் சொன்னால் ரத்தத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும்.

சேர்வராயன்:
பிரஷரை மட்டும் நம்பாதீர்கள். கர்ப்பிணிக்கு ரத்தத்தின் அளவே கூடுதல் என்பதால் பிரஷர் கடைசியில்தான் விழும், பல்ஸ் முதலில் ஏறும். பல்ஸை மேல் பிரஷரால் வகுங்கள்: இப்போது 0.8. 0.9 தாண்டினால் ஆபத்து. வண்டியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், ரத்தம் மறுபடி வந்தால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நனைந்த பேடைத் தூக்கிப் போடாமல் எடை பாருங்கள். காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் 1 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லி.

வயிறு பலகை மாதிரி இறுகி வலித்தால் நச்சுக்கொடி பிரிந்துகொண்டிருக்கலாம். அப்போது உள்ளேயே ரத்தம் தேங்கும். வெளியே வந்ததை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

மலைச்செவிலி:
ரத்த வகை ஓ நெகடிவ். முதல் குழந்தை சிசேரியன்.

லேபர்வார்டு:
இரண்டையும் போனிலேயே சொல்லுங்கள். நெகடிவ் ரத்தம் தேட நேரமாகும். உறவில் யாருக்காவது அதே வகை இருந்தால் கூடவே வரட்டும். நெகடிவ் தாய்க்கான ஆன்டி-டி ஊசி 300 மைக்ரோகிராம் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் ரத்தம் போன நேரம் சீட்டில் இருக்கட்டும். பழைய தையல்மேல் நச்சுக்கொடி வேரூன்றியிருந்தால் அறுவையில் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். ஸ்கேன் ஃபிலிமை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.