‘ஜெரிமாண்டரிங்’: ‘தொகுதித் திரிப்பு’ எனலாமா?

குழுமத்தார்க்கு வணக்கம்.

ஒரு கட்சி தனக்கு வாய்ப்பாகத் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை வளைத்து வரைவதை ஆங்கிலத்தில் ‘ஜெரிமாண்டரிங்’ (gerrymandering) என்பர். இதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: அப்படியே ஒலிபெயர்ப்பது, ‘பல்லி வரைவு’, ‘தொகுதி மறுவரையறை’. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லச் சொல்லின் பிறப்புக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மார்பிள்ஹெட் துறைமுகத்தில் 1744இல் பிறந்த எல்பிரிட்ஜ் கெரி, உலர்மீன் வணிகக் குடும்பத்தவர், ஹார்வர்டில் பயின்றவர். அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்ட இவரே, 1787இல் பிலடெல்பியாவில் உருவான அரசியலமைப்பில், குடிமக்களுக்கான உரிமைப் பட்டியல் இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களால், கையொப்பமிட மறுத்தார். தேர்தலில் பலமுறை தோற்றபின் 1810இல் மாநில ஆளுநரானார். 1812 பிப்ரவரியில் அவர் ஒப்பமிட்ட சட்டம் மாநில செனட் (மேலவை) தொகுதிகளைத் தம் ஜனநாயகக் குடியரசுக் கட்சிக்கு வாய்ப்பாக வெட்டியது. எசெக்ஸ் மாவட்டத்தில் வளைந்து நெளிந்து கிடந்த ஒரு தொகுதிக்குச் சிறகும் நகமும் வரைந்த கேலிச்சித்திரத்தை மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெசட்’ வெளியிட்டு, பல்லி போன்ற உருவுள்ள சாலமாண்டர் என்னும் உயிரியின் பெயரோடு ஆளுநரின் பெயரை ஒட்டவைத்து ‘கெரிமாண்டர்’ என்றது. அவ்வாண்டு செனட் தேர்தலில் 51,766 வாக்குகள் பெற்ற எதிர்த்தரப்பான கூட்டாட்சிக் கட்சிக்கு 11 இடங்களும், 50,164 வாக்குகள் பெற்ற கெரியின் கட்சிக்கு 29 இடங்களும் கிடைத்தன. ஆளுநர் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, எல்லையை வளைக்க வழியில்லை, கெரி தோற்றார். மறு ஆண்டு குடியரசுத் தலைவர் மேடிசனின்கீழ் நாட்டின் துணைத் தலைவராகி, 1814இல் பதவியிலேயே இறந்தார்.

ஒலிபெயர்ப்பு நமக்குப் பயன்படாது. அவர் பெயரே ‘கெரி’, ‘ஜெரி’ என்பது பின்னாளில் நேர்ந்த மாற்றம். சாலமாண்டர் இருவாழ்வி, பல்லியோ ஊர்வன வகை. ‘மறுவரையறை’ நேர்மையான சீரமைப்புக்கும் பொருந்துவதால் குற்றச்சாட்டின் தொனி அதில் இல்லை.

ஆகவே ‘தொகுதித் திரிப்பு’ என்பதை முன்வைக்கிறேன். உருவம் மாறுவதை இலக்கணம் திரிதல் என்கிறது; பொய் சொல்பவனைக் கயிறு திரிக்கிறான் என்கிறோம். எல்லையின் கோணலும் அதன் பின்னுள்ள கள்ளமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘தொகுதியைத் திரித்தனர்’ என வினையாகவும் வரும்.

இதன் இரு உத்திகளுக்கும் சொல் வேண்டும். எதிர்க்கட்சி வாக்காளரை ஒரே தொகுதிக்குள் திணிப்பதற்குக் ‘குவிப்பு’ போதும். அவர்களைப் பல தொகுதிகளில் பிரித்து எங்கும் வெல்ல முடியாதவாறு செய்வதற்குச் ‘சிதறடிப்பு’ எனலாம். அது சற்று நீளம், ‘பிளப்பு’ என்றால் கட்சிப் பிளவு நினைவுக்கு வருகிறது. குறுகிய சொல் தோன்றுவோர் எழுதுக.