எம்.எஸ்சி. இயற்பியல், ஆய்வு உயிரியலில்: எந்தத் துறையில் பதிவது?

பொழிக்கரை:
எம்.எஸ்சி. இயற்பியல், 61 விழுக்காடு. மணக்குடிக் காயல் சேற்றில் இருக்கிற பாக்டீரியாக் கூட்டம், உப்பு ஏறி இறங்கும்போது எப்படி மாறுகிறது என்று பி.எச்டி.க்கு ஒரு கணித மாதிரி போட எண்ணம். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஆய்வு மையத்திலேயே சேரலாமா, வெளியே போகணுமா? பதிவு இயற்பியலிலா, விலங்கியலிலா? சி.எஸ்.ஐ.ஆர். நெட் தகுதித் தேர்வில் லைஃப் சயின்ஸ் (உயிரியல்) தாள் எழுதணுமா?

தேரூர் நாரை:
கடைசிக் கேள்வியிலிருந்து வாறேன். இயற்பியல் தாளையே எழுதுங்க. லைஃப் சயின்ஸில் சி பகுதியில் 75 கேள்விக்கு 25 எழுதினால் போதும் என்பதைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். அந்த 75 கேள்வியும் தாவர உடலியங்கியலிலிருந்து பரிணாமம் வரை சிதறிக் கிடக்கும். தப்புக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். இன்னொன்று, உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதலில் புரட்டுவது முதுகலைச் சான்றிதழைத்தான். ஆய்வேடு முழுக்க பாக்டீரியாவாக இருந்தாலும், இயற்பியல் எம்.எஸ்சி.யோடு விலங்கியல் பணியிடத்துக்குப் போனால் சரிபார்ப்பிலேயே சிக்கல் வரும்.

நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 'பி.எச்டி. மட்டும்' பிரிவில் தேறினால் உதவித்தொகை இல்லை. அந்த நெட் மதிப்பெண் பி.எச்டி. சேர்க்கைக்கு 70 விழுக்காடு, நேர்காணல் 30, ஓராண்டுதான் செல்லும்.

வெளியே போக மனமிருந்தால் ஜீபில்ஸ் எழுதுங்க. பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) போன்ற இடங்களுக்கான நுழைவுத் தேர்வு அது. இயற்பியல், பொறியியல் படித்தவர்களும் எழுதலாம்.

பறளியாறு:
பதிவு எந்தத் துறை என்பதை வழிகாட்டியின் துறைதான் தீர்மானிக்கும். இயற்பியல் வழிகாட்டி, உயிரியலில் இணை வழிகாட்டி என்று அமைப்பதே உங்களுக்குச் சரி. 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. உதவிப் பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 4 பேர், இணைப் பேராசிரியரிடம் 6, பேராசிரியரிடம் 8. இடம் காலியா என்று கேட்காமல் ஆறு மாதம் பின்னால் சுற்றாதீங்க.

கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். அதில் இயற்பியலையே திரும்பப் படிப்பது வீண். நுண்ணுயிரியல், புள்ளியியல் எடுங்க. ஆய்வேட்டை மதிப்பிட வெளித் தேர்வாளர் குறைந்தது இருவர் வருவார்கள். இருவருமே இயற்பியல்காரர்கள் என்றால் 'இதில் இயற்பியல் எங்கே?' என்று ஆய்வேடு திரும்பி வரும். பட்டியல் போகும்போதே உயிரியல்காரர் பெயரும் இருக்கும்படி வழிகாட்டியிடம் சொல்லி வையுங்க.

உப்பளம்:
இயற்பியலிலிருந்து வருகிறவர்கள் கணக்கில் சறுக்குவதில்லை மக்கா, சேறு அள்ளுவதில்தான் சறுக்குவார்கள்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே தென்மேற்கு, வடகிழக்கு, கோடை என மூன்று காலத்துச் சேறும் வேணும். தேதியை மட்டும் குறித்தால் போதாது. பொழி (காயல் கடலில் சேரும் மணல் வாய்) மூடியிருந்ததா, திறந்திருந்ததா, ஓதம் ஏற்றமா இறக்கமா, உப்பளவு, வெப்பம், எத்தனை செ.மீ. ஆழத்துச் சேறு, எல்லாம் எழுதணும். ஒரே வாளிச் சேற்றை மூன்று குழாயில் பிரித்தால் அது மூன்று மாதிரி ஆகாது, ஒன்றேதான். ஒவ்வோர் இடத்திலும் மூன்று தனிக்குழியில் அள்ளுங்க. ஐஸில் வைத்துக் கொண்டுவந்து அன்றைக்கே −80 டிகிரிக்கு மாற்றணும்.

மண்ணிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டுகளுக்கு வழக்கமாக 0.25 கிராம் சேறு போதும். அலையாத்திச் சேற்றில் ஹியூமிக் அமிலம் (மக்கிய இலைதழையிலிருந்து வருவது) அதிகம், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரை அது முடக்கும். டி.என்.ஏ. எவ்வளவு தூய்மை என்று காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 2-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 1-க்குக் கீழே போனால் 10 மடங்கு நீர்த்து, பி.எஸ்.ஏ. புரதம் சேர்த்து ஓட்டிப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் சேறு போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்தே ஓட்டணும். கிட்டுக்குள்ளேயே பாக்டீரியா டி.என்.ஏ. ஒளிந்திருக்கும்.

மழைக்கால மாதிரி எல்லாம் ஒருநாள், கோடை மாதிரி எல்லாம் வேறொருநாள் என்று டி.என்.ஏ. பிரித்தெடுத்தால் கதை முடிந்தது. தெரிகிற வித்தியாசம் பருவத்தாலா, கிட்டாலா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் எல்லாப் பருவக் குழாய்களும் இருக்கும்படி கலந்து போடுங்க.

டி.என்.ஏ. வரிசைப்படுத்தலில் கிடைப்பது எந்த இனம் எத்தனை பங்கு என்ற விகிதம்தான். ஓர் இனம் பெருகினால் மற்றவை குறைந்ததுபோலத் தெரியும். சி.எல்.ஆர். மாற்றம் (விகிதத் தரவுக்கான மடக்கை மாற்றம்) செய்யாமல் ஒட்டுறவுக் கெழு போடாதீங்க. மொத்த அளவு தெரிய கியூ.பி.சி.ஆர். (அளவைக் கணிக்கும் பி.சி.ஆர்.) தனியாகச் செய்யணும்.

பொழிக்கரை:
நன்றி அண்ணா. மூன்று பருவத் தரவு வகைக்கெழுச் சமன்பாட்டு மாதிரிக்குப் போதுமா?

உப்பளம்:
போதாது. அது மூன்று புள்ளி. எந்தக் கோடும் அதில் பொருந்தும். காயல் சேற்றைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து, லிட்டருக்கு 5, 15, 30 கிராம் உப்பு என்று வைத்து, இரண்டு வாரம் தினமும் மாதிரி எடுங்க. கணித மாதிரியின் கெழுக்களை அதிலிருந்து எடுத்து, காயல் தரவில் சோதியுங்க. நேர்காணலில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்புறம், அலையாத்திக்குள் இறங்குவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வேணுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்க.

பறளியாறு:
இதோடு இன்னொன்று. அந்த −80 பெட்டி யாருடைய ஆய்வகத்தில், வரிசைப்படுத்தும் செலவு யார் கணக்கில் என்று இரண்டு வழிகாட்டிகளிடமும் சேருமுன்னே கேளுங்க. இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால் இரண்டாம் ஆண்டு அப்படியே நின்றுபோகும்.