அண்டாவில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டவர்: வீட்டில் 'கிராஃபிஷ் பாயில்' செய்த அனுபவங்கள்

மல்லிகா, கேட்டி

2024 புனித வெள்ளி. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த கிராஃபிஷை உருளைக்கிழங்கு, சோளத்தோடு மசாலாத் தண்ணீரில் வேகவைக்கும் லூசியானா சமையல்தான் கிராஃபிஷ் பாயில். முந்தைய கோடை வறட்சியால் அந்த வருடம் கிராஃபிஷ் என்ன விலை விற்றது என்று ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் கேட்டி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையாக வாங்க மனம் வராமல் 15 பவுண்டு மட்டும் வாங்கினோம். டிரைவ்வேயில் ப்ரோபேன் அடுப்பு, பெரிய அண்டா, கடையில் வாங்கிய மசாலா, அதற்கு மேல் நம் மிளகாய்த்தூள். தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்த என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. உருளைக்கிழங்கும் சோளமும் வெந்ததும் கிராஃபிஷைக் கொட்டினேன். மறுபடி கொதி வந்து 4 நிமிடம். இறால் சமைத்துப் பழகிய கை, ஒரு நிமிடம் கூடினாலும் ரப்பராகிவிடும் என்ற பயம். உடனே கூடையைத் தூக்கி, செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவரை அழைத்திருந்தோம். லூசியானாவில் ப்ரோ பிரிட்ஜ் அவர் பிறந்த ஊர். உலகத்தின் கிராஃபிஷ் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் அது. முதல் வாலை உரித்து வாயில் போட்டார், மென்றார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதை உரித்தவர் எழுந்து அண்டாவுக்குப் போனார். சதையை அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்து, அங்கேயே நின்று சாப்பிட்டார். திரும்பி வந்து இன்னொன்றை உரித்தார். மறுபடி அண்டா. ஏழெட்டு முறை இப்படி. "அந்தப் பெரியவருக்கு நாற்காலியை அங்கேயே போடேன்மா" என்றார் என் மாமியார்.

அவர் போன பிறகுதான் நான் ஒன்றைத் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். ஓட்டின் மேல்தான் காரம், உள்ளே வெறும் வெந்த சதை. அடுப்பை அணைத்து அந்தத் தண்ணீரிலேயே ஊறவிட வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு குறையும் சொல்லாமல் மனிதர் நடந்துகொண்டே இருந்தாரே, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி மறக்க முடியாதது இருந்தால் எழுதுங்கள்.

டெல்டாக்காரன்

அக்கா, என்னுடையது சமைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நான் கும்பகோணம் பக்கம். லூசியானாவில் ஐ-10 சாலையில் க்ரௌலி வழியாகப் போகும்போது இருபுறமும் வயல், வயல் முழுக்கத் தண்ணீர், அதில் வரிசையாகக் கம்பிவலைப் பொறிகள். நெல் அறுத்த தாளைத் தழையவிட்டு, இலையுதிர் காலத்தில் தண்ணீர் கட்டி, அதே வயலில் கிராஃபிஷ் வளர்க்கிறார்கள். வயல் நண்டு பிடித்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்த பிறகு சும்மா வர முடியுமா? வண்டியை நிறுத்தி ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். 30 பவுண்டுக்கு மேல் இருக்கும், எல்லாம் உயிரோடு.

வீட்டுக்கு வந்ததும், உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டால் குடல் சுத்தமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து, உப்பைக் கொட்டி, எல்லாவற்றையும் விட்டேன். படுக்கப் போனபோது சரசரவென்று சத்தம். கதவைச் சாத்தியும் கேட்டது. காலை 5 மணிக்கு விழிப்பு வந்தபோது அந்தச் சத்தம் இல்லை.

போய்ப் பார்க்காமலே புரிந்துவிட்டது. நிற்கிற தண்ணீரில் அத்தனை உயிர்களுக்குக் காற்று எங்கிருந்து வரும்? எல்லாம் போய்விட்டன. செத்ததைச் சமைக்கக் கூடாது. குப்பைப் பையில் அள்ளும்போது என் அப்பா ஞாபகம்தான் வந்தது. வயலில் இருந்து வந்த எதையும் அவர் வீணடிக்க விட்டதில்லை.

சுந்தர், லேக் சார்ல்ஸ்

டெல்டாக்காரன் தம்பி, தவறு உப்பில் இல்லை, இரவு முழுக்கத் தண்ணீரில் வைத்ததில். இங்கே எனக்குத் தெரிந்த எல்லாரும் உப்பு போடுகிறார்கள், பத்து நிமிடத்தில் கழுவி எடுத்துவிடுவார்கள்.

என் அனுபவம் சின்னது. மூன்று மணி நேரம் உரித்துச் சாப்பிட்டு, சோப்பு போட்டு இரண்டு முறை கை கழுவி, இரவு காண்டாக்ட் லென்ஸைக் கழற்றினேன். அன்று தூங்கவில்லை. மிளகாயின் காரம் எண்ணெயோடு சேர்வது, நகக்கண்ணில் தங்கிவிடும். அவ்வளவுதான்.

ஆனால் மல்லிகா அவர்கள் எழுதியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊறவைப்பதுதான் முழு வித்தையும். அடுப்பை அணைத்ததும் உறைந்த சோளத்தையோ ஐஸையோ போட்டுச் சூட்டைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சதை மேலும் வெந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். சூடு இறங்க இறங்க கிராஃபிஷ் கீழே அமிழும், மசாலாத் தண்ணீர் ஓட்டுக்குள் போகும். 20 நிமிடத்தில் ஒன்று எடுத்துப் பாருங்கள், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. கடைசியாக எடுத்ததுதான் அதிகக் காரம், குழந்தைகளுக்கு முதலில் எடுத்துவிடுங்கள். நம் மிளகாய்த்தூளைக் கூடுதலாகப் போடுவதால் பயனில்லை. கடையில் விற்கும் ஸாட்டரன்ஸ் மசாலாப் பையைப் பிரித்துப் பாருங்கள்: கடுகு, மல்லி, சதகுப்பை விதை, பே இலை (பிரிஞ்சி இலை போன்றது), காயென் மிளகாய். பாதி நம் அஞ்சறைப் பெட்டிதான். குறைவது உப்பு. அவ்வளவு தண்ணீருக்கு நாம் பயந்து பயந்துதான் போடுவோம். பிறகு, வேகவைத்ததும் வால் சுருளாமல் நேராக இருந்தால் செத்தது என்று தூக்கிப் போடுவார்கள், அதுவும் சரியில்லை. அண்டாவில் நெருக்கியடித்தாலே வால் நேராகத்தான் நிற்கும். கொட்டுவதற்கு முன்பே அசையாததைப் பொறுக்கி எடுங்கள். வெந்த பிறகு சதை குழைவாக இருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று. புனித வெள்ளி என்கிறீர்கள். ப்ரோ பிரிட்ஜ்காரர் என்றால் கத்தோலிக்கராக இருக்கலாம். சாசேஜ் போட்டிருந்தீர்களா? அன்று அவர்கள் ஆடு, மாடு, கோழி, பன்றி இறைச்சி தொட மாட்டார்கள். மேசையில் சங்கடப்பட்டு எழுந்து போயிருக்கலாம் அல்லவா?

ராஜி, டாலஸ்

சுந்தர் சார், சங்கடப்பட்டவர் அதே தண்ணீரில் எப்படி முக்கிச் சாப்பிடுவார்? அக்கா சொன்ன காரணம்தான் சரி.

உப்பு விஷயத்திலும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையமே சொல்கிறது, உப்பால் குடல் சுத்தமாகாது, நல்ல தண்ணீரில் சேறு போக அலசினால் போதும் என்று.

நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. வெளியே அடுப்பு வைக்க அனுமதி இல்லாததால் உள்ளேயே இறாலும் நண்டும் வைத்துச் செய்தோம். பாட்டிலில் வரும் செறிவு மசாலாவை, தண்ணீர் கொதிக்கும்போது மூடியால் அளக்காமல் அப்படியே சாய்த்துவிட்டேன். மூச்சை இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. ஹாலில் எட்டு மாதக் குழந்தை. இருமுகிறாள், அழுகை வெளியே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். கீழே வந்து காற்று பட்ட பிறகுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது காரத்தைத் தண்ணீரில் போடுவதே இல்லை. உப்பு, எலுமிச்சை, பே இலையோடு வேகவைத்து, அப்புறம் பூண்டு வதக்கிய வெண்ணெயில் காயென் கலந்து புரட்டுகிறேன். ஹூஸ்டனில் வியட்நாம்காரர்கள் கடைகளில் செய்வது போல.

சுந்தர், லேக் சார்ல்ஸ்

குழந்தை நலமாக இருப்பதுதான் முக்கியம், சரி. ஆனால் வெண்ணெயில் புரட்டினால் அது லூசியானாவின் கேஜன் பாயில் ஆகாது. ஓட்டுக்கு மேல் சாஸ், உள்ளே ஒன்றும் இல்லை. மல்லிகா அவர்களுக்கு நடந்ததும் அதுதானே?

ராஜி, டாலஸ்

வியட்நாம்காரர்கள் 1975க்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு வந்து, இறால் படகுகளில் உழைத்து உருவாக்கிய சுவை சார் அது. பல கடைகளில் ஊறவும் வைத்து, பிறகு வெண்ணெயிலும் புரட்டுகிறார்கள். அதைக் குறைவாகச் சொல்லாதீர்கள்.

பெயர் வேண்டாம்

வெண்ணெய்ச் சண்டைக்கு நடுவில் எழுதுவதற்கு மன்னிக்கவும். சமைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

என் நாத்தனாருக்கு இறால் ஆகாது. கிராஃபிஷ் என்றால் மீன் என்று நினைத்து நான்தான் அழைத்தேன். பெயரில்தான் மீன், அது இறால், நண்டின் இனம். இறாலுக்கு அலர்ஜி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதுவும் ஆகாது. அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. உதவி செய்கிறேன் என்று அண்டா மூடியைத் திறந்தார், ஆவி முகத்தில் அடித்தது. இரண்டு நிமிடத்தில் உதடு தடித்து, "அண்ணி, தொண்டை என்னவோ போல இருக்கு" என்றார். அலர்ஜிக்கான எபிபென் ஊசி கைப்பையில், கைப்பை காரில், கார்ச் சாவி யாரிடம் என்று தெரியவில்லை. அந்தச் சாவியைத் தேடிய நேரம்தான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. ஊசி போட்டு, 911 அழைத்து, அன்று இரவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அழைக்கும்போதே கேளுங்கள். சாப்பிடாவிட்டாலும் ஆவி போதும்.

மல்லிகா, கேட்டி

கடைசிப் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தேன். எங்கள் வீட்டில் யாரிடமும் நான் இதைக் கேட்டதே இல்லை, இனி கேட்பேன்.

சுந்தர் அவர்களுக்கு: சாசேஜ் போடவில்லை. வெள்ளிக்கிழமை என்று அலுவலகத் தோழி முன்பே எச்சரித்திருந்தார்.

போன வருடம் மறுபடி செய்தோம். அணைத்து, உறைந்த சோளம் போட்டு, 25 நிமிடம் ஊறவிட்டேன். பெரியவர் முதல் வாலை உரித்தபோது நான் வேலை செய்வது போல அங்கேயே நின்றேன். அடுத்ததை உரித்தார், அதற்கடுத்ததை உரித்தார். தலையையும் உறிஞ்சினார். அண்டா பக்கம் போகவே இல்லை. கிளம்பும்போது, கிராம்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார்.

பை மசாலாவோடு நானும் ஒரு பிடி கிராம்பு போட்டிருந்தேன். 30 பவுண்டு மூட்டைக்கு, பை மசாலாவே போதுமா, கிராம்பு தனியாகச் சேர்க்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.