500 டிகிரியில் ஆவாரஞ்சாறு எங்கே?

பாலாற்றுமணல்: 'ஆவாரம்பூ_வேலூர்' பதிவைப் படித்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. ஜிங்க் நைட்ரேட்டில் ஆவார இலைச்சாறு விட்டு, படிந்ததை 500 டிகிரி மஃபிள் ஃபர்னஸ் சூளையில் 2 மணி நேரம் சுட்டாராம். கிடைத்த துத்தநாக ஆக்சைடு நானோத்துகளுக்கு, ஈகோலை பாக்டீரியாவின் தரநிலை வகையான ஏடிசிசி 25922 பூசிய தட்டில் 22 மி.மீ. வளையம் (கிருமி வளராத வட்டம்), ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக்குக்கு 14. "மூலிகை வென்றது!" ஐயா, 500 டிகிரியில் சாறு எங்கே? புகைபோக்கியில்.

ஆவாரம்பூ_வேலூர்: துகள் உருவாகும்போதே இலையின் துவர்ப்புப் பொருளான டானின் சுற்றி ஒட்டி, கட்டிதட்டாமல் காக்கும். அடிப்படை தெரியாதவர்களுக்கு எத்தனை முறை சொல்வது?

பாலாற்றுமணல்: காத்த டானினும் சூளையில் எரிந்துவிடும், அந்தச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கும். இலையில்லாமல் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் படியவைத்து, அதே சூளையில் சுட்டதைத் தட்டின் அகாரில் வெட்டிய பக்கத்துக் குழியில் ஊற்றினீர்களா? உங்கள் பதிவின் படத்தில் அந்தக் குழியே காணோம்.

காட்பாடி_ஜங்ஷன்: யப்பா, சூளைய விடு. ஜென்டா 14ன்னா தட்டே செல்லாது. 10 மைக்ரோகிராம் மருந்து ஊறின காகித டிஸ்க்குக்கு இந்த ஈகோலைல 19லேர்ந்து 26 வரணும். கிருமி வளர்க்கிற முல்லர் ஹின்டன் அகார 4 மி.மீ.க்கு மேல ஊத்திகினா வளையம் சுருங்கும். கிருமிக் கரைசலோட கலங்கல அளக்குற மெக்ஃபார்லண்டு அளவுல 0.5 தாண்டி பூசினாலும் அதான். டிஸ்க் ஃபிரிட்ஜுக்கு வெளிய கெடந்துச்சா?

ஆவாரம்பூ_வேலூர்: வெர்னியரில் அளந்தது. 22.

பாலாற்றுமணல்: வெர்னியர் பொய் சொல்லாது, குழி சொல்லும். மில்லிக்கு 10 மி.கி. வீதம் 100 மைக்ரோலிட்டர் விட்டிருக்கிறீர்கள்: 1000 மைக்ரோகிராம். டிஸ்க்கில் 10. நூறு மடங்கு போட்டுவிட்டு வெற்றி விழாவா? அகாருக்குள் துகள் லேசில் நகராது. ஊறிப் போவது கரைந்த துத்தநாக அயனி. மையவிலக்கில் துகளை இறக்கி, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஒரு குழியில் விட்டுப் பாருங்கள். அப்புறம் அதே கேள்விதான்: சாறு எங்கே?

ராணிப்பேட்டை_ரவுண்டானா: ஆவாரம்பட்டை போட்டுத்தானே நம்ம பக்கம் தோல் பதனிட்டாங்க? கிருமி சாகாமலா தோல் அழுகாம நிக்குது?

காட்பாடி_ஜங்ஷன்: நைனா, டானின் கொலாஜனோட பிணைஞ்சு தோல இறுக்குது, அதான் அழுகல. அது பட்டை, இவரு போட்டது இலை. வாட்டில் பட்டைக்கும் ஆவாரம்பட்டைக்கும் வித்தியாசம் தெரியாம போன மாசம் சண்ட போட்டவருதான நீ?

ராணிப்பேட்டை_ரவுண்டானா: ரெண்டும் ஒரே மரத்துல வர்றதுதானே, அதுல இன்னா?

காட்பாடி_ஜங்ஷன்: மரமா! வாட்டில்தான் மரம், ஆவாரை வேற, அது செடிய்யா.

ஆவாரம்பூ_வேலூர்: அகச்சிவப்பு ஒளியில் வேதிப்பிணைப்புகளைக் காட்டும் எஃப்டிஐஆரில் 3400இல் (ஓ-எச் பிணைப்பின் இடம்) அகலமான பட்டை வந்திருக்கிறது. சாறு உள்ளேதான் இருக்கிறது.

ராணிப்பேட்டை_ரவுண்டானா: பாத்தியா, பட்டைன்னு அவரே சொல்லிட்டாரு.

பாலாற்றுமணல்: 3400 வெறும் ஈரமாகவும் இருக்கலாம், பொட்டாசியம் புரோமைடு வில்லை காற்றில் வைத்தாலே ஈரம் இழுக்கும். சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் டிஜிஏ எடுங்கள். 200க்கும் 500க்கும் நடுவில் எடை இறங்கவில்லையென்றால் உள்ளே இலையின் வாசம்கூட இல்லை. 500 டிகிரி, ஐயா. சாறு?

ஆவாரம்பூ_வேலூர்: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 22.

காட்பாடி_ஜங்ஷன்: ஜென்டா 14க்கு இன்னும் பதிலே வரல.

ராணிப்பேட்டை_ரவுண்டானா: குறுமரம்னும் சொல்வாங்க.