நாய்க்கு மூத்திரப்பைக் கல்: சாப்பாட்டிலேயே கரையுமா?

பள்ளத்தூர் ஆச்சி:
பொமரேனியன், கருத்தடை செய்த பெட்டை, 6 வயசு, 9 கிலோ. மூத்திரத்தில் ரத்தம். எக்ஸ்ரேயில் 2 கல், 8 மி.மீ. அளவில். மூத்திர பிஹெச் (புளிப்பு-கார அளவு) 8, கிருமியும் இருக்கு. சாப்பாடு ஆட்டெலும்புச் சாறு பிசைந்த சோறும் தண்டுக்கீரையும். அறுவை இல்லாமல் கரைக்க முடியுமா? வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா?

காரைக்குடி வாசி:
ஆச்சி, பெட்டை நாய், பிஹெச் 8, கூடவே கிருமி என்றால் ஸ்ட்ருவைட் கல்லாக (மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த கல்) இருக்கவே வாய்ப்பு அதிகம். அது கரையும் கல். கால்சியம் ஆக்சலேட் என்றால் எந்தச் சாப்பாட்டிலும் கரையாது, எடுத்துத்தான் ஆகணும். எக்ஸ்ரேயில் இரண்டுமே வெள்ளையாகத் தெரியும் என்பதால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் மூத்திரத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுத்து, எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று பாருங்கள். கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, அதனால்தான் பிஹெச் ஏறிக் கல் கட்டுகிறது. கல்லுக்குள்ளும் கிருமி ஒளிந்திருக்கும். கல் கரையக் கரைய அது வெளியே வரும். அதனால் மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும், ரத்தம் நின்றதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. கூடவே, ஸ்ட்ருவைட்டைக் கரைக்கவென்றே செய்த உணவை டாக்டர் எழுதிக் கொடுப்பார். அதில் மக்னீசியமும் பாஸ்பரஸும் குறைவு, மூத்திரமும் புளிப்புப் பக்கம் இறங்கும். 4 வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே. பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகும். படத்தில் கல் மறைந்த பிறகும் ஒரு மாதம் தொடருங்கள், கண்ணுக்குத் தெரியாத பொடி மிஞ்சியிருக்கும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி இருந்தால் இந்த உணவு ஆகாது.

வாழைத்தண்டு கிருமியைக் கொல்லாது. அதை நம்பி நாளைக் கடத்தினால் கல் பெருக்கும்.

தேவகோட்டைக்காரர்:
தண்ணீரை மறந்துவிடாதீர்கள், பாதி மருந்து அதுதான். மூத்திர அடர்த்தி (வெறும் தண்ணீர் 1.000 என்றால்) 1.020-க்குக் கீழே இருக்கணும். உலர் உணவு என்றால் 1 கப்புக்கு 1½ கப் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டு வையுங்கள். வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று மூன்று இடத்தில் தண்ணீர்ச் சட்டி இருக்கட்டும். வெயில் காலத்தில் இரண்டு வேளை மாற்றணும். 5 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே விடுங்கள். அடக்கி வைக்கும் மூத்திரத்தில்தான் படிகம் சேரும்.

மூத்திரம் பிடிக்கச் சுத்தமான குழிக்கரண்டி போதும். அரை மணிக்குள் சோதிக்கணும். நேரம் கடந்தாலும் ஃபிரிட்ஜில் வைத்தாலும் இல்லாத படிகம் தெரிந்து குழப்பிவிடும். கல்ச்சருக்கு மட்டும் இது ஆகாது, டாக்டர் ஊசியால் நேராக மூத்திரப்பையிலிருந்து எடுக்கணும்.

பள்ளத்தூர் ஆச்சி:
மருந்து உணவோடு கொஞ்சம் எலும்புச் சாறு சேர்க்கலாமா? வெறுமனே தின்ன மாட்டேங்குது.

காரைக்குடி வாசி:
வேண்டாம் ஆச்சி. எலும்புச் சாறில் இருக்கும் தாதுக்களையும் புரதத்தையும்தான் அந்த உணவில் கணக்குப் பண்ணிக் குறைத்திருக்கிறார்கள். சேர்த்தால் கல் கரைவது நின்றுவிடும். சின்ன வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு நாய்க்கு எப்போதுமே விஷம். பழைய சாப்பாட்டோடு கலந்து, 7 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். சூடாக்கி வைத்தால் வாசனைக்குத் தின்னும். முக்கியும் மூத்திரம் சொட்டாமல் போனால் அன்றைக்கே, ராத்திரியானாலும், தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஆண் நாய்க்கு இந்த அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.